துடைத்த நாற்காலியில் உட்காராதவன்

தேவப்பிரியத்துக்குத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை. மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. இவன் கையைப் பார்த்துத்தான் பெட்டியை இறக்குவான். இவன் கை காட்டி இறக்கிய கன்டெய்னர் ஒன்றுகூட என் டிரெய்லரில் கோணலாக உட்கார்ந்தது கிடையாது. நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு மூட்டை தூக்கப் போனவன் இன்றைக்குத் திருவொற்றியூரில் சொந்த யார்டு போட்டிருக்கிறேன். மணலி ரோட்டில் லட்சுமணன் வண்டி என்றால் மற்ற வண்டி ஒதுங்கும். ஆளை எடை போடத் தெரியாமல் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

பழக்கம் துறைமுகத்தில் ஆரம்பித்தது, வளர்ந்தது குத்துச்சண்டை மேடையில். அவன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். நான் நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவன் புதுசாகக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். என்னிடம் ஒருமுறை மூக்கை உடைத்துக்கொண்டான். இதை நான் நாலு பேர் முன்னால் சொன்னால், "அண்ணன் கண்ண மூடிக்கினு கைய வீசினாரு, நான் போயி மூக்க குடுத்துட்டேன்" என்பான். சொல்லட்டும். உடைந்தது அவன் மூக்குதான்.

ஆட்டக்காரனாக அவன் பெரிதாக வரவில்லை. ஜட்ஜாக வந்தான். எங்கள் பக்கத்தில் ஜட்ஜாக உட்காருவது சுலபமில்லை. சுற்றி நிற்கிற கூட்டம் விசில் அடித்தே பாதி ஜட்ஜுகளைத் தன் பக்கம் இழுத்துவிடும். தேவப்பிரியத்துக்கு அந்த விசில் காதிலேயே ஏறாது. கிரேன் இரைச்சலில் இருந்து பழகியவன். மேடையில் இரண்டு பேர் கையும் காலும் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சண்டை முடிந்து அவன் எழுதிக் கொடுத்ததை, தோற்றவன்கூட முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வான்.

ஜட்ஜாக உட்காருவதற்கு ஒரு பரீட்சை உண்டு, அதற்காக ஒரு வகுப்பு வைத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். தேவப்பிரியம் பத்தாவது வரைக்கும் போனவன், தட்டுத் தடுமாறிப் படிப்பான். அங்கே பாடம் நடத்த வந்தவர் ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். ரெக்யூஸ். அதுவரை அவன் காதில் விழாத வார்த்தை. உன் ரத்த உறவு மேடையில் ஏறினால் நீ ஜட்ஜு நாற்காலியிலிருந்து இறங்கிவிட வேண்டும், அதற்குப் பெயர் அது என்றிருக்கிறார். பரீட்சையில் பாஸ் பண்ணியதைவிட அந்த வார்த்தை கிடைத்ததுதான் இவனுக்குப் பெரிய விஷயமாகிப் போனது. எங்கள் குத்துச்சண்டைக் கிளப்பில் உட்கார்ந்து பையன்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்பான்.

"ரெக்யூஸ்னா இன்னா, சொல்றா பாக்கலாம்."

"தப்பு பண்ணிட்டு மன்னிப்பு கேக்கறது."

"அது வேற, கய்தே. இது ஜட்ஜு சமாச்சாரம். நான் இப்ப எறங்கறேன்னா ரெக்யூஸ். நேத்தே எறங்கிட்டேன்னா ரெக்யூஸ்டு. எறங்கிகினே கீறேன்னா ரெக்யூசிங். அந்த எறங்கற காரியத்துக்கு ஒரு பேரு கீது, ரெக்யூசல்."

"எறங்கறதுக்கு இத்தினி பேரா? நாங்கல்லாம் பஸ்ஸுல இருந்து ஒரே பேர்ல எறங்கறோம் நைனா."

"சிரிக்காத. இந்த வார்த்தைக்குப் பின்னாலயே ஹிம்செல்ஃப்னு ஒண்ணு ஒட்டிக்கினு வரும். பொம்பளையா இருந்தா ஹெர்செல்ஃப். அதாவது, வேற எவனும் ஒன்ன எறக்க முடியாது. நீயாத்தான் ஒன்ன எறக்கிக்கணும்."

பழைய காலத்தில் இதே வார்த்தை வேறு மாதிரி இருந்ததாம். வழக்குக்கு வந்தவன் எழுந்து, 'இந்த ஜட்ஜு எனக்கு வேண்டாம்' என்று தள்ளுவதற்கும் இதையேதான் சொன்னார்களாம். அந்த அர்த்தம் தேய்ந்து போய், இப்போது ஜட்ஜு தன்னைத் தானே தள்ளிக்கொள்வதுதான் மிச்சம். செல்போனில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னான். நான் உடனே சொன்னேன், "நம்ம தமிழ்ல 'விலகிக்கொள்'னு சொல்றோமே, அதுல வர்ற 'கொள்' இருக்கே, அதாண்டா உன் ஹிம்செல்ஃப்." அவன் வாயைப் பிளந்துவிட்டான். படித்தவன் யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அவனுக்கு ஒரே மகள், ரமாபாய். அவளும் கையுறை மாட்டினாள். அப்பன் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே கிளப்புக்கு வந்து பையன்களோடு ஓடினாள், கயிறு தாண்டினாள், அவர்களிடம் அடி வாங்கினாள், திருப்பியும் அடித்தாள். வலது கை குத்து விழுந்தால் சத்தம் கேட்டே அவள் என்று சொல்லிவிடலாம். அவள் மேடை ஏறும்போதெல்லாம் தேவப்பிரியம் நாற்காலியை விட்டு எழுந்து, மைதானத்தை விட்டே வெளியே போய் டீக்கடையில் நிற்பான். "அப்பா ரெக்யூசு கடைக்குப் போயிட்டாரு" என்று பையன்கள் கத்துவார்கள். அவனுக்கு அதில் பெருமை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டை மைதானத்தில் இரண்டு நாள் போட்டி. மேடையும் கயிறும் பந்தலும் என் செலவு. அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன், ஆனால் நடந்தது அதுதான். அந்த எடைப் பிரிவில் ஜெயிக்கிற பெண் மாநில அணிக்குப் போவாள். இரண்டாம் நாள் கடைசிச் சண்டை ரமாபாய்க்கும் ராயபுரத்து ஆஃபியாவுக்கும். ஆஃபியாவுக்கு வாத்தியார் தாவூது. காசிமேட்டில் ஐஸ் வியாபாரம், என் வயதுக்காரன், அந்தக் காலத்தில் எனக்குச் சரியான எதிரி.

அன்று பார்த்து மூன்று ஜட்ஜுகளில் ஒருவருக்கு மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். அடுத்துக் கைக்குக் கிடைக்கிற அனுபவசாலி என்றால் தேவப்பிரியம் ஒருவன்தான். மணி அடிக்கிற மேசையில் ரோஷன் என்று ஒரு பையன் இருந்தான். வெளியூரிலிருந்து வந்தவன், அப்போதுதான் ஜட்ஜு பரீட்சை எழுதித் தேறியிருந்தான்.

எங்கள் பக்கத்துக் கிளப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜட்ஜு ஒரு பக்கத்துக்கு வேண்டியவன் என்றால், எதிர்ப் பக்கத்து வாத்தியார் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஜட்ஜு நாற்காலியைத் துடைத்து விடுவார். உன் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, உட்கார் என்று அர்த்தம். துடைத்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தப் பக்கம் வாய் திறக்காது. தம்பி ஆடுகிற சண்டைக்கே அண்ணன் அப்படி உட்கார்ந்து எழுதியிருக்கிறான். துடைத்த நாற்காலியில் உட்காராமல் போன ஆள் அதுவரை கிடையாது.

தாவூது துண்டை எடுத்தான். கூட்டம் முழுக்கப் பார்க்க நாற்காலியைத் துடைத்தான். கால்களைக்கூடத் துடைத்தான்.

"உக்காரு தேவா. எங்க புள்ளைக்கு ஒன் கையி போதும்."

தேவப்பிரியம் அசையவில்லை. "வேணாம் பாய். நான் ரெக்யூஸ்."

"அது இன்னா கருமமோ, அப்பால வெச்சுக்கோ. தொடச்சிட்டேன் மாமு, உக்காரு."

"மன்னிச்சுக்கோ பாய்."

"தோ பாரு, தாவூது துண்டு கலீஜுன்னு நெனைக்கறியா?" என்றான் தாவூது. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முகம் சுண்டிப் போயிருந்தது.

நான் மேடைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போய், "டேய், ஊரே நம்புது, உக்காருடா" என்றேன். என் பேச்சை அவன் தட்டியதில்லை. அன்று தட்டினான். கடைசியில் ரோஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். மணி அடிக்க வேறொருவர் போனார். தேவப்பிரியம் இந்தத் தடவை டீக்கடைக்குப் போகவில்லை. கூட்டத்துக்குள் நின்று, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பார்த்தான்.

முதல் ரவுண்டில் ரமாபாய் ஆஃபியாவைக் கயிறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். மைதானம் எழுந்து நின்றது. இரண்டாவதிலிருந்து ஆஃபியா சுற்றிச் சுற்றி வந்து சின்னச் சின்னதாகக் குத்தினாள். ரமாபாயின் குத்துக்குத்தான் சத்தம். ஒரு ஜட்ஜு ரமாபாய்க்கு எழுதினார், ஒருவர் ஆஃபியாவுக்கு. ரோஷன் ஆஃபியாவுக்கு எழுதினான். ரெஃப்ரி ஆஃபியாவின் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான், செருப்பு பறந்தது. ரோஷன் பயந்து போய் எழுதிவிட்டான், அப்பன் இறங்கிய நாற்காலியில் உட்கார்ந்து மகளுக்குப் போட்டால் பேச்சு வரும் என்று மாற்றிப் போட்டுவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவனுடைய ஸ்கூட்டர் சீட்டை யாரோ கிழித்துவிட்டார்கள். அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

ரமாபாயையும் தேவப்பிரியத்தையும் என் காரில் ஏற்றிக்கொண்டு நானே வியாசர்பாடிக்கு விட்டேன். வீட்டுக்குள் போனதும் ரமாபாய் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ உக்காந்திருந்தா யாருக்குப் போட்டிருப்பப்பா?"

"நான்தான் உக்காரலியே."

"நின்னுகினு பாத்த இல்ல? சொல்லு. தோத்துட்டேன்னா தோத்துட்டேன்னு சொல்லு."

"ரெக்யூஸ் பண்ணவன் அப்பால வாயத் தொறக்கக் கூடாது ரமா. வூட்டுலயும் கூடாது. அதான் மொற."

அவன் மனைவி சொக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஐகோர்ட்டு ஜட்ஜு பேசறாரு, கேட்டுக்கோங்க! புள்ள வாய் வுட்டுக் கேக்குது. சோறு துன்ற வாய்க்குக்கூடவா அந்த எழவு வார்த்த?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? நான் எந்த நாக்காலியில இருந்து எறங்கினேன்?"

ரமாபாய் மறுபடி கேட்டாள். அன்று மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்கக் கேட்டாள் என்று சொக்கம்மாள் பிறகு சொன்னாள். அவன் சொல்லவில்லை. மகள் அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டாள். தோற்றிருந்தால் அப்பா சொல்லியிருப்பார், மூடி மறைக்கிற ஆள் இல்லை. சொல்லாமல் இருக்கிறார் என்றால் நான் ஜெயித்திருக்கிறேன், எல்லோரும் சொல்கிற மாதிரி என்னைக் கவிழ்த்துவிட்டார்கள்.

கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"ஜெயிச்சவளுக்கே குடுக்க மாட்டானுங்கன்னா, நான் எதுக்கு பெரிப்பா விடியக்காத்தால எழுந்து நாய் மாதிரி ஓடணும்?" என்றாள்.

எனக்கே அவள் ஜெயித்ததாகத்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அவள் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடை மேடை வேலைக்குச் சேர்ந்தாள். லாரி ஏறும், எடை வரும், சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். என் வண்டிகளும் அங்கே போகும். என் டிரைவர்கள் வந்து, "ரமா நல்லாக்கீதுண்ணே" என்பார்கள். எனக்குக் கேட்கப் பிடிக்காது.

இந்த வருஷப் போட்டிக்குத் தலைமை ஜட்ஜாக இரு என்று கேட்கத் தேவப்பிரியத்தை யார்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டு டிரெய்லருக்கு நடுவில் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவன் முடியாது என்றான். ஜட்ஜு வேலையையே விட்டுவிடுகிறேன் என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தடவ எறங்கினதுக்கே ஒரு புள்ள வாழ்க்கை போச்சு. இன்னும் எங்கடா எறங்கப் போற? நாயம் நாயம்னு நாயத்தையே சாவடிச்சுட்ட" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, நான் அன்னிக்கி நாயத்துக்காவ எறங்கல."

"பின்ன?"

"மொத நாளு ஆஃபியா சண்டைக்கு நான்தான ஜட்ஜு. அந்தப் பொண்ணு ஆடினத்த பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, நம்ம புள்ள இத்த தாங்காதுன்னு. மறுநாளு தாவூது பாய் நாக்காலிய தொடைக்கிறாரு. உக்காந்தா நெசத்ததான எழுதணும்? என் கையால ரமாவுக்கு எதிரா எழுதணும். முடியலண்ணே. அப்ப அந்த வார்த்த கைக்கு வாட்டமா இருந்துச்சு. எடுத்துப் போட்டுகினேன்."

"சண்டை? அதுல யாருக்குடா போட்டிருப்ப?"

"ஆஃபியாவுக்கு. மொத ரவுண்டு ரமாவுது. மீதி ரெண்டும் அவளுது. ரோஷன் சரியாத்தான் போட்டான். பாவம், அவன் வண்டிய கிழிச்சானுங்க."

என் கண் இத்தனை வருஷத்தில் ஏமாந்தது கொஞ்சம்தான். அந்தச் சண்டையில் சத்தத்தைக் கேட்டு நான் முடிவு பண்ணிவிட்டேனோ என்று அப்போதுதான் தோன்றியது. முதல் ரவுண்டு ரமாவுடையது என்று அவனே ஒத்துக்கொண்டதால் என்னுடையது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

"வூட்டுக்கு வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா."

"அவ மூஞ்சியப் பாத்து 'நீ தோத்துட்டம்மா'ன்னு சொல்ல வாய் வரல. ரெக்யூஸ்னு சொல்லிட்டா எல்லாரும் மரியாதையாப் பாக்கறானுங்க. அப்பா பெரிய நாயஸ்தன்னு அவளும் நெனச்சுக்கட்டும்னு வுட்டுட்டேன். அவ இப்பிடி மொத்தமா நின்னுடுவான்னு தெரியாதுண்ணே."

நான் எழுந்தேன். "வா. இப்பவே வந்து சொல்லு."

"வேணாம்ணே."

"மூணு வருசமா அந்தப் பொண்ணு தன்ன எவனோ ஏமாத்திட்டான்னு நெனச்சுகினு கீது. வந்து சொல்லு."

கார் மூலக்கொத்தளம் தாண்டும்போது அவன், "திரும்பிப் போயிடலாமா" என்றான். நான் வண்டியை நிறுத்தவில்லை.

ரமாபாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். யார்டு சீருடையைக் கூட மாற்றவில்லை, அதன் மேல் செம்மண் தூசி. வேலையில் எப்போதும் உட்கார்ந்தே இருப்பதில் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது. சொக்கம்மாள் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தேவப்பிரியம் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொக்கம்மாளின் கை நின்றுவிட்டது. அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

ரமாபாய் கத்துவாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் அப்பனை நாலு வார்த்தை கேட்டால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"எதுல தோத்தேன்?"

"ரைட்டு போட்டுட்டு கைய இழுக்கற பாரு, அப்ப லெஃப்ட் எறங்கிடுது. மூஞ்சி தொறந்துகினு நிக்கற. ரெண்டாவது ரவுண்டுல ஆஃபியா அத்த கண்டுகினா. அப்பறம் அந்த எடத்துலயேதான் குத்தினா."

அவள் எழுந்து கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடத்தில் நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, வலது கையை மெதுவாக நீட்டி இழுத்தாள். இடது கை தானாக மார்பு வரைக்கும் இறங்கியது. அவளே அதைக் குனிந்து பார்த்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடி இறங்கியது.

"ஆமால்ல" என்றாள்.

வெளியே தண்ணி லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"இது பெரிய விசயமே இல்லப்பா. இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு வருசத்துல சரி பண்ணிக்கினு வந்திருப்பேன்."

"தெரியுதும்மா."

"நான் நாலு பேரு சேந்து என்ன கவுத்துட்டாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன். அந்த ரோஷன எப்பிடியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா?"

தேவப்பிரியம் தலையை ஆட்டினான். நான் இடையில் புகுந்து, இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, நான் செலவு செய்கிறேன், நாளைக்கே கிளப்புக்கு வா என்றேன். நான் சொல்லி நடக்காத காரியம் வடசென்னையில் குறைவு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்கள் மனசு நோகக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு அது.

"ஷிப்டு வேல பெரிப்பா. காலையில ஆறு மணிக்கு மேடையில இருக்கணும்." பிறகு அப்பனிடம் கேட்டாள், "ஆஃபியா இப்ப எங்க ஆடறா?"

"ரயில்வேல எடுத்துகினாங்க."

"நல்லா ஆடறாளா?"

"ஆடறா."

"ஒரே ரவுண்டுல என் லெஃப்ட்ட கண்டுகினவளாச்சே, ஆடத்தான் செய்வா" என்றாள். மறுநாளைக்கு வேண்டும் என்று சீருடையை மாற்றிக்கொண்டு வந்து, அதைத் துவைக்கக் குழாயடிக்கு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.